விழுப்புரத்தில் நான் அச்சுக் கோத்த ரஷ்யப் பாடம்

கஸ்தூரி, மணி, பாபு, மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி தன்னுடைய ரஷ்ய வகுப்பு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "இதுல மேசை ஆம்பளையாம், புத்தகம் பொம்பளையாம், ஜன்னல் ரெண்டும் இல்லையாம். யாரால மனப்பாடம் பண்ண முடியும்?" என்று அலுத்துக்கொண்டாள். நான் ரசத்துக்குச் சாதம் பிசைந்துகொண்டே, "மனப்பாடம் எதுக்கும்மா? கடைசி எழுத்தப் பாரு, அதுவே சொல்லும்" என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மூன்றாவது பாரத்தோடு, இப்போதைய எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆயுள் முழுக்க அச்சாபீசில் நின்றபடியே வேலை செய்தவன், இந்த அப்பாவுக்கு ரஷ்ய இலக்கணம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் மூவர் முகத்திலும் எழுதியிருந்தது. அம்மா மட்டும் சிரித்தாள். அவளுக்குத் தெரியும்.

இப்போது உங்களுக்கும் தெரியட்டும். சொல்லிக்கொள்ள எனக்கு வேறு பெருமை அதிகமில்லை. இது ஒன்று உண்டு.

நான் விழுப்புரத்துக்குப் பக்கத்துக் காணைக்காரன். கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர் மகன். விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருந்த ஓர் அச்சாபீசில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். முதல் வருஷம் தரையில் சிந்திய ஈய எழுத்துகளைப் பொறுக்கினேன். அடுத்த வருஷம் மை படிந்த எழுத்துகளைக் கழுவினேன். அதற்கப்புறம்தான் கையில் ஸ்டிக் கொடுத்தார்கள். ஸ்டிக் என்றால் எழுத்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தி வரி கோக்கிற சின்ன இரும்புத் தட்டு. எந்த எழுத்து பெட்டியின் எந்த அறையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கை போக வேண்டும். போயிற்று. அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

எங்கள் ஃபோர்மேன் காதர் பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோத்து முடித்த பக்கத்தை முதலில் அவர் படிக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை எழுத்துகளின் தலைமேல் மெல்ல ஓட்டுவார், குழந்தையின் முதுகில் வேர்க்குரு தடவிப் பார்க்கிற மாதிரி. எங்கேயாவது ஓர் எழுத்து மயிரிழை உயர்ந்திருந்தால் விரல் அங்கே நின்றுவிடும். தப்பான எழுத்தைக் கண்டால் சாமணத்தால் பிடுங்கி, கோத்தவனைக் கூப்பிட்டு, அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை அவரே மூடிவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை கிடையாது. அந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற அவமானத்துக்கு, நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். என் கையில் அவர் வைத்த எழுத்துகள் முதல் வருஷம் ஏராளம். பிறகு குறைந்தன. பிறகு நின்றன.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ரஷ்யாக்காரன் நம் சர்க்காரோடு ஒரே கட்சியில் நின்று ஜெர்மானியனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அப்போது திண்டிவனத்திலிருந்து நடேசன் சார் வந்தார். அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கணக்குப் புத்தகங்களைப் படிப்பதற்காகத் தானாகவே ரஷ்ய மொழி கற்றுக்கொண்டவர். அதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு முதற்பாடப் புத்தகம் எழுதியிருந்தார். மூன்று வருஷம் இரவும் பகலும் எழுதினாராம். கைப்பிரதி அந்த ஒன்றுதான். கூடவே ஒரு சாக்கு மூட்டை. சென்னையில் மூடிப்போன ஏதோ ஓர் அச்சகத்தின் ரஷ்ய எழுத்துகளை எடைக்கு வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

எங்கள் முதலாளி கோதண்டம் மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, எழுத்தா, உடைஞ்ச ஆணியா?" என்றார்.

காதர் பாய் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தார். "நல்ல ஈயம். கோக்கலாம்" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைதான் உத்தரவு.

மூட்டையில் இருந்த எழுத்து சரியாக இரண்டு பக்கத்துக்குத்தான் வந்தது. இரண்டு பக்கம் கோத்து, பிழை திருத்தி, அச்சடித்து, மறுபடி பிரித்து அறைகளில் போட்டால்தான் அடுத்த இரண்டு பக்கம். ஆகவே பிழை விடவே முடியாது. அச்சாகிப் பிரித்துவிட்டால் போனது போனதுதான்.

எனக்கோ அந்த எழுத்துகளின் பெயர் தெரியாது, சத்தம் தெரியாது. பாதி எழுத்து இங்கிலீஷ் போலவே இருந்தது. மீதிக்கு நானே பெயர் வைத்தேன். நாலா பக்கமும் காலைப் பரப்பிக்கொண்டிருந்தது நண்டு. இரண்டு தூணும் மேலே உத்தரமும் இருந்தது வாசல். ஒரே ஒரு படி வைத்தது ஏணி. விரிந்து நின்றது கத்திரி. ஒற்றைக் கம்பமும் மேலே நீட்டிய கையும் இருந்தது தூக்குமரம். இரண்டு காலில் நின்றது மணை. குறுக்குக் கோடு சாய்ந்து கிடந்தது சாய்வு. வட்டத்தின் நடுவே கம்பி பாய்ந்தது ஊசி குத்தின வடை. ஒவ்வோர் அறையின் நெற்றியிலும் அந்தந்தப் படத்தை வரைந்து ஒட்டினேன்.

பிழை திருத்துகிறவர் எஸ்தரம்மா. புருஷன் இறந்த பிறகு வேலைக்கு வந்தவர். முன்பு சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தவர் என்பதால் எல்லாரும் டீச்சரம்மா என்போம். அச்சாபீசில் பிழை திருத்துவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் கைப்பிரதியை வைத்துக்கொண்டு புள்ளி, கமா, சொல்லுக்குச் சொல் விடுகிற இடம் உட்பட உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் அச்சடித்த புரூஃபில் அதைச் சரிபார்க்க வேண்டும். தமிழ் என்றால் படித்துவிடலாம். இதை எப்படிப் படிப்பது? ஒவ்வோர் எழுத்தாகத்தான். நான் சொல்லுவேன்: "கத்திரி, ஏணி, சாய்வு, தூக்குமரம், இங்கிலீஷ் ஏ. இடம்."

"இரு இரு. என் தூக்குமரத்துக்குக் கை ஒடஞ்சிருக்கு. மாத்து."

"மாத்திடறேன் டீச்சரம்மா. அடுத்தது நண்டு."

"இங்க நண்டு இல்லியே, வடைதான் கீது! பசியோட கோத்தியா?"

இப்படித்தான் நாள் முழுக்க. மற்ற கம்பாசிட்டர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். காதர் பாய் மட்டும் சிரிக்க மாட்டார். பக்கத்துக்கு ஒரு பிழைகூட இல்லாமல் போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருத்திய புரூஃபை எடுத்துக்கொண்டு நான் பாசஞ்சர் வண்டியில் திண்டிவனம் போவேன். நடேசன் சார் பள்ளிக்கூட இடைவேளையில் சுண்ணாம்புத் தூள் படிந்த கையோடு வந்து புரூஃபைப் பார்ப்பார். ஒரு தரம் முழுப் பக்கத்தையும் பார்த்து முடித்துவிட்டுப் பேனாவைத் திறக்காமலே சட்டைப் பையில் செருகினார்.

"ஏம்ப்பா, நீ கோக்கிறது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"ஒக்காரு."

அன்றைக்கு அடுத்த வண்டி வரும்வரை உட்கார வைத்தார். கஸ்தூரி, இந்த இடத்தை நீ கவனமாகப் படி. "எத்தா தோம் அப்படின்னா இது வீடு. நடுவுல ஒண்ணும் இல்ல பாத்தியா? வெள்ளக்காரனுக்கு இது கஷ்டம். அவனுக்கு எதுக்கெடுத்தாலும் நடுவுல ஒரு 'இஸ்' வேணும். நமக்கு வேணுமா? இது வீடு, முடிஞ்சுபோச்சு. ரஷ்யாக்காரனும் நம்ம மாதிரிதான்" என்றார்.

அப்புறம் மேசைக்கு ஸ்தோல், புத்தகத்துக்கு க்னீகா, ஜன்னலுக்கு அக்னோ என்று சொன்னார். சொல் மெய்யெழுத்தில் முடிந்தால் அநேகமாக ஆண், ஆ என்று முடிந்தால் பெண், ஓ என்று முடிந்தால் இரண்டும் இல்லை. நம் வேற்றுமை உருபு மாதிரி அவர்களுக்கும் சொல்லின் வால்தான் மாறும். நாம் புத்தகம், புத்தகத்தை என்கிறோம். அவர்கள் க்னீகா, க்னீகு என்கிறார்கள். "யா சித்தாயு க்னீகு. நான் புத்தகத்தை வாசிக்கிறேன்" என்று என்னைச் சொல்ல வைத்தார். மயிலம் தாண்டும்வரை அதையே வண்டியில் சொல்லிக்கொண்டு வந்தேன். எதிரில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் எஸ்தரம்மாவுக்கு அதைச் சொன்னேன். அதற்குப் பிறகு எழுத்துகளைப் பழைய பெயராலேயே கூப்பிட்டாலும், வரி முடிந்ததும் பக்கத்தில் தமிழில் இருக்கிற உச்சரிப்பையும் பொருளையும் பார்க்கிற பழக்கம் இருவருக்கும் வந்துவிட்டது. படிக்கிறோம் என்று நாங்கள் நினைக்கவில்லை. வேலை செய்கிறோம் என்றுதான் நினைத்தோம்.

நாலாவது பாடம் கோத்து முடித்து, புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த நாள். அந்தச் சமயம் வெள்ளைக்காரனே வெளியேறு கிளர்ச்சி, ஊர் முழுக்கப் பதற்றம். எங்கெங்கோ இளைஞர்கள் தந்திக் கம்பியை அறுக்கிறார்கள் என்று பேச்சு. போலீஸ் ஸ்டேஷன் படிவங்கள், பாரம் என்போம், எங்கள் அச்சாபீசில்தான் அச்சாகும். அவற்றை வாங்கிப் போக வந்த கான்ஸ்டபிள் வாசலில் நின்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே தடுப்புக்குப் பின்னால் என் குரல்: "கத்திரி, ஏணி, சாய்வு, தூக்குமரம்." மறுபடி எஸ்தரம்மா குரல்: "ஏணி சரி, கத்திரி சரி, தூக்குமரம் எங்க?" அந்த எழுத்துகள் சேர்ந்தால் க்னீகா, புத்தகம்; அந்தச் சொல் அந்தப் பாடத்தில் வரிக்கு வரி வந்தது. அந்த மனுஷர் கால் மணி நேரம் நின்று கேட்டிருக்கிறார். பாரங்களை வாங்காமலே போய்விட்டார்.

மத்தியானம் முதலாளி ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "போச்சு, எல்லாம் போச்சு. உள்ள கம்பி அறுக்கற கூட்டம் சங்கேதம் பேசிக்கினு கீதுன்னு எவனோ போய்ச் சொல்லியிருக்கான். சப் இன்ஸ்பெக்டர் வர்றாராம். ஆபீசுக்கு சீல் வெச்சா பத்து குடும்பம் தெருவுல நிக்கும். அந்த ரஷ்யா எழுவ ஜல்தியா ஒடச்சிக் கொட்டு!"

கோத்த இரண்டு பக்கமும் கல்மேசைமேல் இரும்புச் சட்டத்துக்குள் கிடந்தன. சட்டத்தின் ஓரத்தில் மர ஆப்புகளை அடித்து இறுக்கியிருப்போம். ஆப்பைத் தட்டித் தளர்த்திவிட்டு ஒரு பக்கம் சாய்த்தால் போதும், ஆயிரக்கணக்கான எழுத்தும் பொலபொலவென்று கொட்டிவிடும். நான் சுத்தியை எடுத்து இரண்டு ஆப்பைத் தட்டினேன். தளர்ந்தது. அதற்குமேல் கை வரவில்லை.

"மொதலாளி, கொட்டினா நெசமாவே ஏதோ மறைக்கிறோம்னு ஆயிடும். நடேசன் சார் பிரதி இங்க கீது. அவரு பேரு அதுல போட்டிருக்கு. நாளைக்கு அவரு வேலையும் போவும். நாம காட்டிடலாம்."

"நீ யாருடா எனக்கு புத்தி சொல்ல?"

காதர் பாய் அப்போதுதான் வாயைத் திறந்தார். "பையன் சொல்றது சரி, மொதலாளி. காட்டலாம்." அவ்வளவுதான். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

ஆப்பை மறுபடி இறுக்க நேரம் இல்லை. பூட்ஸ் சத்தம் வந்துவிட்டது.

சப் இன்ஸ்பெக்டர் நாற்பது வயதுக்காரர், தெற்கத்திக்காரர். கான்ஸ்டபிள் பின்னாலேயே வந்து என்னைக் காட்டினார். "இவன்தாங்க. தூக்குமரம், தூக்குமரம்னு சொன்னது இவன்தான்."

"என்னடா அது?"

"ரஷ்ய எழுத்துங்க ஐயா. பேரு தெரியாம நாங்களா வெச்சுக்கின பேருங்க."

"விழுப்புரத்துல ரஷ்யா பாஷை எவன் படிக்கிறான்? யாருகிட்ட கதை விடுற?" அவர் கல்மேசையைக் கைத்தடியால் தட்டினார். "இதைத் தூக்கு. ஸ்டேஷனுக்குப் போகட்டும்."

கான்ஸ்டபிள் சட்டத்தில் கை வைத்தார். தூக்கினால் எல்லாம் கொட்டும். நான் சட்டத்தின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டேன். "தூக்காதீங்க. கொட்டிடும். ஆப்பு தளர்ந்திருக்கு."

"ஏன் தளர்ந்திருக்கு?"

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்ல எத்தனையோ இருந்தது. வாயில் வந்தது இதுதான்: "நீங்க வர்றீங்கன்னு பயந்துட்டோம்ங்க. ஒடச்சிடலாம்னு நாந்தான் தளர்த்தினேன். அப்பறம் மனசு வரல. ஒடைக்கற மாதிரி தப்பு இதுல ஒண்ணும் இல்லீங்க."

 அவர் தொப்பியைக் கழற்றிக் கல்மேசைமேல் வைத்தார். "சரி. நிரூபிச்சுக் காட்டு."

எஸ்தரம்மாவைக் காகிதக் கட்டுகள் இருக்கிற அறைக்கு அனுப்பினார். கூடவே கான்ஸ்டபிள், எஸ்தரம்மா கையில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில், வேறெதுவும் இல்லை. கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு நடேசன் சாருடைய கைப்பிரதியைப் புரட்டி, நாங்கள் இன்னும் கோக்காத ஐந்தாம் பாடத்தை எடுத்தார். அதில் பயிற்சி என்று சில வரிகள். பக்கத்தில் தமிழ்ப் பொருள் கிடையாது, படிக்கிறவன் எழுத வேண்டியது. ஒரு வரியைக் கைத்தடி முனையால் காட்டினார். "இதைச் சொல்லு. உன் பாஷையில."

கதவைத் தாண்டிக் கேட்க வேண்டுமே! கத்தினேன். "பெரிய எழுத்துத் தூக்குமரம், மணை, இங்கிலீஷ் ஈ. இடம். கத்திரி, ஏணி, சாய்வு, தூக்குமரம், ஏ, கேள்விக்குறி..."

"இன்னாபா இவ்ளோ அவசரம்? மெதுவா சொல்லு. எனக்கு எழுதற கை ஒண்ணுதான் கீது!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. கம்பாசிட்டர்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

சொல்லி முடித்ததும் தாள் வெளியே வந்தது. சப் இன்ஸ்பெக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் எழுத்து விடாமல் பார்த்தார். ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் அவர் லேசானவர் இல்லை. "சங்கேதமா இருந்தாலும் இப்படித்தான் ஒத்துப்போகும். அர்த்தம் என்ன? சத்தம் போடாம எங்கிட்ட மட்டும் சொல்லு" என்றார்.

பிள்ளைகளே, அந்த வரியை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அதில் இருந்த சொற்களைத் தனித்தனியாக நாலு பாடங்களில் கோத்திருந்தேன், அவ்வளவே. எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். க்தே, மூன்றாம் பாடத்தில் வந்தது, எங்கே. க்னீகா தெரியும். கேள்விக்குறிக்குப் பின்னால் மறுபடி க்னீகா, அப்புறம் ஸ்தோல், ஆனால் வால் மாறியிருக்கிறது, முன்னால் நா நிற்கிறது. நாலாம் பாடத்தில் இதே வால்தான் 'மேல்' என்று வந்தது.

அவர் காதோரம் சொன்னேன்: "புத்தகம் எங்கே? புத்தகம் மேசைமேல்."

அவர் கதவைத் திறக்கச் சொன்னார். "அம்மா, நீங்க எழுதினீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

எஸ்தரம்மா தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார்.  நடேசன் சார் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் சொன்னது ஒரே ஒரு நாள். மற்றபடி அவர் பார்த்ததெல்லாம் புரூஃப்தான்.

"புத்தகம் எங்கன்னு கேக்குதுங்க. மேசை மேல கீதுன்னு பதில். ஏன், காணோங்களா?"

சப் இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "மேசை மேல புத்தகம் இருந்தா சர்க்கார் கவுந்துடாதும்மா!" என்றார். கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்து, "கத்திரி ஏணி தூக்குமரம்னா என்னய்யா?" என்று கேட்டார். அவர் விழித்தார். "புத்தகம்யா! போய்ப் பாரத்தை வாங்கு" என்றார். போகும்போது என்னிடம், "எழுத்துக்கு ஒழுங்கான பேரு இருக்கும்ல, கத்துக்கிட்டுச் சொல்லுங்க. ஊரு பயப்படுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். "உன்னால ஒரே பேஜாருடா" என்றார். பிறகு, "கடைசி பாடம் வரைக்கும் நீயே கோத்துடு" என்றார்.

கோத்தேன். அடுத்த வாரம் நடேசன் சார் ஒரு தாளில் எல்லா எழுத்துக்கும் உண்மையான பெயர் எழுதிக் கொடுத்தார். நானும் எஸ்தரம்மாவும் அதை மனப்பாடம் செய்தோம். புத்தகம் வெளிவந்தது. பெரிய புத்தகம் இல்லை, பெரிய விற்பனையும் இல்லை. ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு பிழை காட்டுங்கள் என்று நான் யாரிடமும் கேட்பேன். பிறகு எத்தனையோ கோத்தேன், எத்தனையோ பேருக்கு ஃபோர்மேனாகவும் இருந்தேன். பார்க்காத ஒரு வரியைப் பார்த்துப் பொருள் சொன்ன அந்தப் பெருமை வேறெதிலும் வரவில்லை. கஸ்தூரி, நீ பயப்படாதே. எனக்கு வந்தது உனக்கு வராதா?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சப் இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்று சாயங்காலம் எல்லாரும் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் இருந்தேன். கல்மேசைமேல் அந்த இரண்டு பக்கமும் தளர்ந்தபடியே கிடந்தன. மட்டக்கட்டையை வைத்து எழுத்துகளின் தலையைச் சமப்படுத்தினேன். ஆப்புகளை ஒன்று மாற்றி ஒன்றாகத் தட்டி இறுக்கினேன். பிறகு சட்டத்தின் ஒரு பக்கத்தை இரண்டு விரல்கடை உயரம் தூக்கிப் பிடித்து, மறு கையால் பக்கம் முழுக்க வரி வரியாக அழுத்திப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட அசையவில்லை. மெல்லக் கீழே வைத்தேன்.